கத்திய பெட்டியும் பேசாத பெட்டியும்

ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டி. அதற்கு முதல் நாளாவது அமரரின் நினைவு நூலான கல்வெட்டு அச்சாகி, மடிப்பு முடிந்து, வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இந்தத் தவணையைத் தள்ளிப்போட எந்த அச்சுக்கடைக்காரராலும் ஏலாது. 2003, 2004 காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு கணினிக்கு றாம் கூட்டவேண்டிய அவசரம் பெரும்பாலும் இப்படித்தான் வந்தது. பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் தேவாரமும் வம்சாவழியும் நன்றி நவிலலும் ஏறியிருக்கும். அமரரின் படத்தை ஸ்கேன் பண்ணி போட்டோஷொப்பில் திறந்ததும் பெட்டி உறைந்துபோகும். சுட்டி அசையாது. ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளே கிடந்து அரைக்கும்.

64 மெகாபைற் நினைவகத்தில் அவ்வளவுதான் நடக்கும். இடம் போதாமல் போனால் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுக்கிறது. றாமோடு ஒப்பிட்டால் அந்தக்கால டிஸ்க் ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவானது. 2001 ஒக்ரோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 64 இருந்தால் ஓடும், 128 இருந்தால் நல்லது என்று மைக்ரோசொப்ட் சொன்னது. அதன்மேல் பேஜ்மேக்கர், அதன்மேல் போட்டோஷொப். எனவே இன்னொரு 128 வாங்கிச் செருகுவதே வழி. அதைச் செருகிய அடுத்த நிமிடத்திலிருந்து எங்கள் ஊர்க் கதை தொடங்குகிறது.

அச்சுத்தொழில் இந்த ஊருக்குப் புதிதன்று. 1842இல் அமெரிக்க மிஷன் அச்சகம் வெளியிட்ட, ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்ட அகராதியைத் தமிழுலகம் இன்றும் மானிப்பாய் அகராதி என்றே அழைக்கிறது. கணினி மட்டும் இங்கே மிகவும் பிந்தி வந்தது. 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட வீடுகள் ஊர் முழுக்க இருந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பிய சனத்துக்குக் கூரையும் கிணறும்தான் முதற்கவலை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு. அதற்குப் பிறகுதான் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் வாங்கிய பெட்டிகள் வானில் ஏறி, ஓமந்தையையும் முகமாலையையும் தாண்டி, ஆனைக்கோட்டை வழியாக எங்கள் வீதிக்கு வரத் தொடங்கின. ரொறன்ரோவில் இருக்கும் மாமாவோ இலண்டனில் இருக்கும் அண்ணாவோ அனுப்பிய காசு அது. அப்படி வந்த ஒரு பெட்டி பழுதானால் அந்த வீட்டில் ஒரு ஆளுக்குச் சுகமில்லாமல் வந்த மாதிரி எல்லாரும் சுற்றி நிற்பார்கள்.

அன்றைய பெட்டி கத்தும். மதர்போட்டில் ஒட்டியிருக்கும் சின்ன பீப்பரே அதன் வாய். மானிற்றரில் ஒன்றும் தெரியாதபோது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நோயைப் பிடிக்கவேண்டும். திருத்துகிற பொடியனிடம் தொலைபேசியில் நடக்கும் பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“தம்பி, நேற்று மட்டும் நல்லா நிண்ட பெட்டி. றாம் கூட்டினாப்பிறகு கத்துது.”

“எப்பிடிக் கத்துது ஐயா? இழுத்து இழுத்தோ, வெட்டி வெட்டியோ?”

“இழுத்துத்தான். நிப்பாட்டாமல் கத்துது.”

“ரிசீவரைப் பெட்டிக்குக் கிட்டப் பிடியுங்கோ பாப்பம்.”

அவார்ட் பயோஸ் போட்ட பெட்டி விடாமல் நீட்டி நீட்டிக் கத்தினால் றாம் அகப்படவில்லை என்று பொருள். ஏஎம்ஐ பயோஸ் என்றால் சத்தம் கட்டையாக இருக்கும். மூன்று முறை கேட்டால் நினைவகத்தின் தொடக்கப் பகுதியே வாசிபடவில்லை. ஒரு நீட்டு, இரண்டு கட்டை என்று அவார்ட் கத்தினால் கோளாறு றாமில் இல்லை, காட்சி கார்டில். புதிய றாமை அமத்தும்போது கை பட்டுப் பக்கத்துக் கார்ட் கிளம்பியிருக்கும். றாமையே திருப்பித் திருப்பிக் கழற்றிக்கொண்டிருந்தவர்களை இந்த ஒரு நீட்டும் இரண்டு கட்டையும் எத்தனையோ தரம் காப்பாற்றியிருக்கின்றன.

அதற்குப் பிறகு வரும் முதற்கேள்வி: “என்ன மாத்தினனீங்கள்?” இரண்டாவது: “பழையதை மட்டும் போட்டால் வேலை செய்யுதோ?” இந்த இரண்டு கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். பழைய நிலைக்குத் திரும்பியதும் பெட்டி எழும்பினால் மதர்போட், புரொசெசர், பவர் சப்ளை எல்லாம் தப்பின. பிறகு புதிய றாம் கார்டைத் தனியாகப் பழைய ஸ்லொட்டில் போட்டுப் பார்க்கலாம். அதிலும் எழும்பினால் கார்டும் நல்லது. இரண்டாவது ஸ்லொட்டிலோ இரண்டு கார்டின் பொருத்தத்திலோதான் குறை. மானிப்பாய்க்கு இந்த முறை அந்நியமும் இல்லை. 1848இல் தொடங்கிய மருத்துவக் கல்வியை இந்த ஊரில் வளர்த்து, பின்னர் தமிழிலேயே கற்பித்து, 4,000 பக்கங்களுக்கு மேல் மருத்துவ நூல்களைத் தமிழில் தந்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் ஆசுப்பத்திரி இங்கேதான் நிற்கிறது. “என்ன செய்யுது?” என்று கேட்டு, ஒவ்வொன்றாக விலக்கி, மிஞ்சுவதில் கைவைக்கிற பழக்கம் தமிழில் நடந்த ஊர் இது.

அன்றைய கோளாறுகளில் நான் அதிகம் கண்டது மிக எளிமையானது. கார்ட் முழுதாக இறங்கியிருக்காது. இரு பக்கக் கவ்வியும் தானாக மூடி ‘டக்’ என்று கேட்கும்வரை அமத்தப் பயம். விலை அப்படி. அடுத்தது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் எங்கள் வீடுகளில் உப்புப்போத்தலே கசியும். கடனீரேரியிலிருந்து வரும் காற்றில் உப்பும் இருக்கும். கார்டின் அடியில் வரிசையாக நிற்கும் தகடுகளில் மங்கல் படிந்தால் தொடுப்பு விட்டுவிட்டுப் போகும். வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டுப் போட்டால் பாதிப் பெட்டி அன்றைக்கே உயிர்த்துவிடும். ஊதக்கூடாது, எச்சில் ஈரம் போய் ஒட்டும். தேய்க்க முதல் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்கிவிட வேண்டும். இன்றுவரை மாறாத விதி இது.

எளிமையில்லாத கோளாறு ஒன்றும் இருந்தது. அதைத்தான் நான் அன்றைய காலத்தின் சிறப்பான புதிர் என்று நினைக்கிறேன். 256 மெகாபைற் கார்டைப் போட்டால் திரையில் 128தான் காட்டும். வாங்கினவர் கடையில் ஏமாந்துவிட்டதாகத் தலையில் அடிப்பார். கடையில் பிழையில்லை. 1998இல் வந்த இன்ரெல் 440பிஎக்ஸ் சிப்செற் கொண்ட போட்டுகளால் 128 மெகாபிற் வரையான சில்லுகளைத்தான் வாசிக்க முடியும். றாமுக்குள் ஒவ்வொரு கலமும் நிரை, நிரல் என்ற முகவரியில் இருக்கிறது. பெரிய சில்லின் மேல்பாதிக்குப் போக ஒரு முகவரிக் கம்பி கூடுதலாக வேண்டும். அது அந்தச் சிப்செற்றில் இல்லை. எனவே ஒரு பக்கத்தில் மட்டும் எட்டுச் சில்லு ஒட்டிய 256 கார்ட் பாதியாகத் தெரியும், அல்லது எழும்பவே எழும்பாது. இரண்டு பக்கமும் பதினாறு சில்லு ஒட்டிய 256 முழுதாகத் தெரியும். ஆகவே கொழும்புக்குப் போகிறவரிடம் “256” என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. “ரெண்டு பக்கமும் சில்லு இருக்கிறதாப் பாத்து வாங்கு” என்று எழுதிக் கொடுக்கவேண்டும். 815 சிப்செற் என்றால் இன்னொரு எல்லை: 512க்கு மேல் ஒரு மெகாபைற்கூட ஏற்காது.

எஸ்டிறாமிலிருந்து டிடிஆருக்கு மாறிய காலம் அது. ஒன்றுக்கு 168 ஊசி, 3.3 வோல்ற். மற்றதற்கு 184 ஊசி, 2.5 வோல்ற். வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாறி இறங்காது. பலங்கொண்டு அமத்தினால் ஸ்லொட் வெடிக்கும். சில போட்டுகளில் இரண்டு வகை ஸ்லொட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் நிரப்பினால் கூடும் என்று நம்பி நிரப்பியவர்கள் உண்டு. ஒருநேரத்தில் ஒரு வகைதான்.

2006 ஓகஸ்ற் 11ஆம் திகதி ஏ9 மூடியது. பொருட்கள் மறுபடி கப்பலை நம்பின. அந்த மூன்று வருடங்களில் ஒரு பழைய 128 கார்டைக் கழற்றி எறிந்தவரை நான் காணவில்லை. பேப்பரில் சுற்றி, பெயரும் வேகமும் எழுதி, பிஸ்கற் ரின்னில் வைத்தார்கள். பின்னேரம் ஊரடங்கு விழுந்தால் கடைக்குப் போக ஏலாது. கையில் உள்ளதை வைத்துத்தான் காரணம் தேடவேண்டும். மாற்றிப் பார்க்க இன்னொரு கார்ட் கிடையாத இடத்தில் சிந்தனைக்கு வேலை கூடுகிறது. அந்தத் தட்டுப்பாட்டை நான் புகழவில்லை, அது எங்கள் மேல் சுமத்தப்பட்ட கொடுமை. ஆனால் அந்த நாட்களில் பழகிய கைகள் இன்றும் ஊரில் உள்ள மிகச் சிறந்த கைகள் என்பது உண்மை.

போர் முடிந்த பிறகு எல்லாம் விரைவாக மாறியது. தேசிய மின்வலையமைப்பின் கம்பி சுன்னாகத்துக்கு மீண்டும் வந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ஓடிவந்தது. கொழும்பில் இன்றைக்குச் சொன்ன சாமான் நாளைக்குக் கூரியரில் வருகிறது. இடைக்காலத்தில் எல்லாரையும் வாட்டிய ஒரே கேள்வி “8 ஜிபி போட்டனான், 3.2தான் காட்டுது” என்பது. அது கார்டின் குறையில்லை, 32 பிற் விண்டோசின் எல்லை. 4 ஜிபிக்குள்தான் அதன் முகவரிகள். அதிலும் ஒரு பகுதியைக் காட்சி கார்டும் மற்றவையும் எடுத்துக்கொள்ளும். 64 பிற் விண்டோஸ் போட்டதும் தீர்ந்தது.

இன்றைய பெட்டி கத்துவதில்லை. புதிய போட்டுகள் பலவற்றில் பீப்பரே இல்லை. அதற்குப் பதிலாக ஓரத்தில் நான்கு சின்ன வெளிச்சங்கள்: புரொசெசர், றாம், காட்சி, பூட். இவற்றில் எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். பக்க மூடியைக் கழற்றாதவருக்கு அதுவும் தெரியாது. காதால் கேட்டுத் தொலைபேசியில் சொன்ன காலம் போய், படம் எடுத்து வைபரில் அனுப்பும் காலம் வந்திருக்கிறது.

இந்தப் பேச்சின்மை ஒரு புதிய தவறைப் பிறப்பித்துவிட்டது. எனக்கு இன்று ஆகக் கவலை தருவது அதுதான். டிடிஆர்5 கார்ட் புதிதாகப் போட்டு முதன்முறை பவர் கொடுத்தால், நினைவகக் கட்டுப்படுத்தி ஒவ்வொரு கம்பியிலும் சைகை எந்தக் கணத்தில் வந்து சேருகிறது என்று அளந்து தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும். இதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும். கூடுதலான கொள்ளளவு, நான்கு கார்ட் என்றால் இன்னும் கூட. அதுவரை திரை இருட்டு, காற்றாடி மட்டும் சுற்றும். பிள்ளைகள் அரை நிமிடத்தில் பெட்டி செத்துவிட்டதென்று வயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். அளப்பு அறுந்து முதலிலிருந்து தொடங்கும். மறுபடி பிடுங்கு. அடுத்த நாள் நல்ல கார்ட் பழுதென்று கடைக்குத் திரும்பிப் போகிறது. கரண்ட் நின்று நின்று வரும் நாளில் யூபிஎஸ் இல்லாத வீட்டிலும் இதேதான் நடக்கும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டோம்.

அன்று எங்களைக் கெடுத்தவை பெரும்பாலும் வெளியே இருந்தன: ஈரம், கரண்ட், பாதை, கிடைக்காத கார்ட். இன்று கெடுப்பவை பெட்டிக்குள் அமைப்பில் ஒளிந்திருக்கின்றன. கார்டின் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கும். போட்டால் 4800 காட்டும். அந்த 6000, பயோசுக்குள் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை இயக்கினால்தான் வரும். இயக்கியபின் சில பெட்டிகள் எழும்பாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். அப்போது பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருதரம் அமத்தி மிச்ச மின்னை இறக்கி, போட்டில் உள்ள சிஆர்2032 பற்றறியைக் கொஞ்ச நேரம் எடுத்துவைத்துப் போட்டால் பயோஸ் பழைய அமைப்புக்குத் திரும்பும். நான்கு ஸ்லொட் உள்ள போட்டில் இரண்டு கார்ட் போடுகிறவர், பெரும்பாலான போட்டுகளில், புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடவேண்டும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஓடினாலும் இருவழிப் பாதையின் வேகம் கிடையாது. ஒரே நிறுவனம், ஒரே பெயர் என்று தனித்தனியாக வாங்கிய இரண்டு கார்டுக்குள் வேறு வேறு சில்லு இருக்கக்கூடும். சோடியாக விற்பதைச் சோடியாக வாங்குவது அதனால்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது எழும்பி ஓடுகிற பெட்டியின் கோளாறு. ஒரு கிழமை நன்றாக வேலை செய்யும். பிறகு நீலத்திரை. ஒரு கோப்பு திறக்க மறுக்கும். பெரிய சிப் கோப்பு விரியாது. உடனே வைரஸ் என்பார்கள், விண்டோசை அழித்துப் போடுவார்கள். விண்டோசைப் புதிதாகப் போடுவதை முதல் வைத்தியமாக்கிவிட்டதுதான் இன்றைய திருத்தகங்களின் பெரிய குறை என்று சொல்வேன். பல கோடி கலங்களில் ஒன்று 1 என்பதை 0 என்று சொன்னாலும் அந்தப் பொய் கோப்புக்குள் போய் டிஸ்க்கில் நிரந்தரமாகிவிடும். விண்டோசைப் புதிதாகப் போட்டால் புதிய விண்டோசும் அதே பொய்யோடு பதியும். மெம்ரெஸ்ற்86+ என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பியில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிட்டால் விடியச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதில்லை. விண்டோசுக்குள்ளேயே விஸ்ரா காலத்திலிருந்து ஒரு நினைவகச் சோதனை இருக்கிறது. அதையாவது ஓட்டிவிட்டு அழிக்கலாம்.

தட்டுப்பாடு போய்விட்டது என்று எழுதி முடித்திருக்கலாம், 2025இன் இறுதிவரை. அந்த ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. பழைய பெட்டிகளைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போகலாமா என்று எல்லாரும் கேட்கத் தொடங்கிய அதே நேரம் உலகில் றாம் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்துக்குத் தொழிற்சாலைகள் திரும்பிவிட்டன. மைக்ரோன் நிறுவனம், வீட்டுக் கணினிகளுக்குக் குருஷல் என்ற பெயரில் விற்றுவந்த வியாபாரத்தைவிட்டு விலகுவதாக டிசெம்பரில் அறிவித்தது. 2022இல் ரூபா விழுந்த விழுகைக்குப் பிறகு டொலரில் ஏறும் ஒவ்வொரு சதமும் எங்களுக்கு இரட்டிப்பாகக் குத்துகிறது. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பெட்டிகள்தான் உயர்தர மாணவருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்யும் இளைஞருக்கும் கைக்கெட்டுகின்றன. அவற்றுக்குப் பாவித்த றாம் தேடும்போது பிஸ்கற் ரின் மறுபடி திறக்கிறது. அதற்குள் கிடப்பவை டிடிஆர்3, டிடிஆர்4. ஒன்று 1.5 வோல்ற், மற்றது 1.2, வெட்டும் வேறு. பாவித்த கார்டை வாங்க முதல் மெம்ரெஸ்ற் ஓட்டிக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டிக் காட்டுகிற கடைதான் நல்ல கடை.

ஒன்று மட்டும் முழுதாகத் தலைகீழாகிவிட்டது. அன்று ரொறன்ரோ காசு அனுப்பியது, மானிப்பாய் பெட்டியைத் திறக்கப் பயந்தது. இன்று அங்கே புதிதாகக் கார்ட் வாங்கிப் போட்ட பெரியவர், கடைக்குக் கொடுக்கும் கூலிக்குப் பயந்து, விடியப்புறம் இங்கே பெறாமகனை வைபரில் எழுப்புகிறார்.

“திரை வரேல்லையடா தம்பி. மூண்டுதரம் நிப்பாட்டிப் போட்டன்.”

“நிப்பாட்டாதேங்கோ சித்தப்பா. கமராவை உள்ளுக்குத் திருப்புங்கோ. எந்த லைற் நிக்குது?”

“மஞ்சள். டிறாம் எண்டு கிடக்கு.”

“அது அளக்குது. பத்து நிமிசம் கைவையாமல் விடுங்கோ. அதுக்கும் வரேல்லையெண்டால் பிளக்கைக் கழட்டிப்போட்டு, ஒரு கார்டை மட்டும் ரெண்டாவது ஸ்லொட்டிலை போட்டுத் திருப்பி எடுங்கோ. பழைய கார்டை எறிஞ்சுபோட்டியளோ?”

“இல்லை, மேசையிலை கிடக்கு.”

“எறிஞ்சுபோடாதேங்கோ. முதல் கேக்க மறந்துபோனன், டிடிஆர்4 ஓ 5 ஓ?”